கார்ஃபீல்டின் தோட்டாவும் என் பின்பாயிண்டரும்

கொஞ்ச நாளா இந்தப் பக்கம் எட்டிப் பார்க்க முடியல. ஆணி அதிகம். எல்லாரும் சொல்ற சால்ஜாப்புதான், ஆனா என் கேஸ்ல அது நிஜ ஆணி. இங்கிலாந்துக்கு ஆன்சைட் வந்ததுல இருந்து வாரத்துல அஞ்சு நாள் ஆபீஸ் ஆணி, ஞாயித்துக்கிழமை வயக்காட்டு ஆணி. துருப்பிடிச்ச, யாரோ எப்பவோ குதிரை லாடத்துல அடிச்ச ஆணி :)

விஷயம் இதுதான். எங்க டீம்ல ஒரு பெரியவர் இருக்கார். ரிட்டயர் ஆக இன்னும் ரெண்டு வருஷம். ஞாயிறு ஆனா மெட்டல் டிடெக்டரைத் தூக்கிக்கிட்டு சஃபோக் பக்கம் வயல்வெளிக்குக் கிளம்பிடுவார். நிலத்துக்காரர்கிட்ட முறையா அனுமதி வாங்கிட்டுத்தான். "ரூம்ல தனியா உக்காந்து என்ன பண்ணப் போற, வா"ன்னு ஒரு நாள் கூப்பிட்டார். போனேன். முதல் ரெண்டு வாரம் ஆணி, பித்தளை பட்டன், டிராக்டர் நட்டு. மூணாவது வாரம் டிடெக்டர்ல நல்ல சத்தம். வெட்டினேன். ஒரு கூடை களிமண் வெளியே வந்தது, பொருளைக் காணோம். மறுபடியும் மண்வெட்டியை ஒரே குத்து. 'க்றீச்'.

முதலாம் எலிசபெத் காலத்து ஆறு பென்ஸ் வெள்ளிக்காசு. ராணியின் முகம், தலைக்குப் பின்னால் ஒரு ரோஜாப்பூ. அந்த முகத்துக்குக் குறுக்கே பளபளன்னு புதுசா ஒரு வெட்டு. நானூறு வருஷத்துக்கு மேல எத்தனையோ ஏர்க்கால், எத்தனையோ டிராக்டர் அந்த மண்ணை உழுதிருக்கும். அத்தனைக்கும் தப்பிச்ச காசை இன்ஜினியரிங் படிச்ச நான் ரெண்டே நிமிஷத்துல காலி பண்ணிட்டேன். பெரியவர் திட்டல. மண்ணைத் துடைச்சுப் பார்த்துட்டு, "சம்பளம் வந்ததும் முதல் வேலையா ஒரு பின்பாயிண்டர் வாங்கு"ன்னு மட்டும் சொன்னார். திட்டியிருந்தாக்கூட பரவாயில்லை.

தெரியாதவங்களுக்கு ஒரு சின்ன விளக்கம். டிடெக்டரின் சுருள் ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலம் இருக்கும். அது "இதுக்குக் கீழ எங்கயோ இருக்கு"ன்னு மட்டும்தான் சொல்லும். குழி தோண்டின பிறகு, மண்ணுக்குள்ள எந்தப் பக்கம், எவ்வளவு கிட்டத்துலன்னு சொல்றது ஒரு கேரட் சைஸ் குச்சி. நுனியை உலோகத்துக்குப் பக்கத்துல கொண்டு போனா பீப் அடிக்கும், கைல அதிரும். இதுதான் பின்பாயிண்டர்.

எதை வாங்கலாம்னு தேட உட்கார்ந்தவன், எப்பவும் போல சம்பந்தமில்லாத ஒரு சந்துக்குள்ள போயிட்டேன். அந்தச் சந்து போய் நின்ற இடம் காசு இல்லை, தோட்டா. இந்தக் குச்சியின் முன்னோர்கள் மண்ணைத் தேடவில்லை. மனுஷ உடம்பைத் தேடினார்கள்.

1862 ஆகஸ்ட் 29. இத்தாலியின் ஆஸ்ப்ரோமாண்ட்டே மலையில் கரிபால்டியின் வலது கணுக்காலில் ஒரு குண்டு பாய்ந்தது. குண்டு உள்ளே இருக்கிறதா, வெளியே போய்விட்டதா என்று டாக்டர்களுக்குள் வாரக்கணக்கில் சண்டை. அந்தக் காலத்தில் புண்ணுக்குள் ஒரு உலோகக் கம்பியை விட்டுத் தட்டிப் பார்ப்பார்கள். கெட்டியாக ஏதோ தட்டுப்படும். அது எலும்பா ஈயமா என்று எப்படிச் சொல்வது? பிரான்சிலிருந்து வந்த நெலாட்டோன் என்கிற அறுவை மருத்துவர் ஒரு வழி கண்டுபிடித்தார். கம்பியின் நுனியில் மெருகிடாத பீங்கான் மணி. உள்ளே விட்டுத் தேய்த்து எடுத்தால், எலும்பு என்றால் வெள்ளையாகவே வரும். ஈயம் என்றால் கறுப்பாக ஒரு கோடு. நம்மூர் ஆசாரி உரைகல்லில் தங்கத்தை உரசிப் பார்ப்பாரே, அதே டெக்னிக். கோடு விழுந்தது. நவம்பரில் குண்டை எடுத்தார்கள். கரிபால்டிக்குக் கால் மிஞ்சியது.

இனிமேல் வருவதுதான் என்னைத் தூங்கவிடாத கதை.

1881 ஜூலை 2. அமெரிக்க ஜனாதிபதி ஜேம்ஸ் கார்ஃபீல்ட் பதவியேற்று நாலு மாசம்தான் ஆகிறது. வாஷிங்டன் ரயில் நிலையத்தில் சார்லஸ் கிட்டோ என்பவன் பின்னாலிருந்து சுட்டான். ஒரு தோட்டா கையை உரசிக்கொண்டு போனது. இன்னொன்று முதுகின் வலப்பக்கம் உள்ளே போனது. பொறுப்பெடுத்துக்கொண்டவர் டாக்டர் பிளிஸ். (இவருக்கு அப்பா அம்மா வைத்த பெயரே 'டாக்டர்'. டாக்டர் வில்லார்ட் பிளிஸ். ஆக டாக்டர் டாக்டர் பிளிஸ். ஜோக் இல்லை, நிஜம்.) தோட்டா எங்கே என்று பார்க்க நெலாட்டோன் கம்பியை விட்டார், விரலையும் விட்டார். வேறு டாக்டர்களும் விட்டார்கள். யாரும் கையைக் கழுவவில்லை. கிருமி பற்றி பிரிட்டனில் லிஸ்டர் எழுதி 14 வருஷம் ஆகியிருந்தது, அமெரிக்க டாக்டர்களில் பலர் அதை இன்னும் நம்பவில்லை.

இந்தச் சமயத்தில் உதவிக்கு வந்தவர், டெலிபோனுக்குக் காப்புரிமை வாங்கி அஞ்சு வருஷமே ஆகியிருந்த அலெக்சாண்டர் கிரகாம் பெல். வயது 34. ஹியூஸ் என்பவர் 1879-ல் செய்திருந்த 'தூண்டல் தராசு' என்ற கருவியை எடுத்துக்கொண்டார். சுருள்களை ஒன்றை ஒன்று சமன் செய்கிற மாதிரி வைத்தால் ரிசீவரில் சத்தம் வராது. பக்கத்தில் உலோகம் வந்தால் சமநிலை கெட்டு சத்தம் கேட்கும். இன்றைக்கு நான் தூக்கிக்கொண்டு அலைகிற டிடெக்டரின் தாத்தா அதுதான். பெல்லும் உதவியாளர் டெயின்டரும் ராப்பகலா உழைத்தார்கள். உள்நாட்டுப் போரில் சுடப்பட்டு, உடம்பில் குண்டோடு வாழ்ந்துகொண்டிருந்த பழைய சிப்பாய்களை வைத்து சோதித்துப் பார்த்தார்கள். வேலை செய்தது.

ஜூலை 26-ம் தேதி வெள்ளை மாளிகையில் முதல் முயற்சி. ஒரே கரகரப்பு. ஒரு இணைப்பைத் தப்பாகக் கொடுத்துவிட்டார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. (டெமோ அன்னிக்கு மட்டும் புரோகிராம் புட்டுக்கிற வியாதி அப்பவே இருந்திருக்கு.) ஆகஸ்ட் 1-ல் மறுபடியும். தோட்டா வலப்பக்கம்தான் என்று பிளிஸ் ஏற்கெனவே அறிவித்துவிட்டார். அதனால் வலப்பக்கம் மட்டுமே தேட விட்டார். ஒரு அகலமான பரப்பில் மங்கலாக ஏதோ சத்தம். "பார்த்தீர்களா, நான் சொன்ன இடம்தான்" என்கிற தோரணையில் முடித்துக்கொண்டார்கள். ஜனாதிபதியின் மெத்தைக்கு அடியில் எஃகுக் கம்பி வலை இருந்தது என்பது பெல்லுக்குப் பின்னால்தான் தெரிய வந்தது. அந்தக் கம்பி எவ்வளவு கெடுத்தது என்பதில் இன்றைக்கும் பேச்சு உண்டு. ஆனால் தோட்டா இல்லாத பக்கத்தில் எவ்வளவு நல்ல கருவியை வைத்தாலும் என்ன கிடைக்கும்?

செப்டம்பர் 19-ல் கார்ஃபீல்ட் இறந்தார். 79 நாள் வேதனை. பிரேதப் பரிசோதனையில் தோட்டா இடப்பக்கம், கணையத்துக்குக் கிட்டே இருந்தது. அதைச் சுற்றிச் சதை வளர்ந்து மூடியிருந்தது. அது பாட்டுக்கு இருந்திருக்கும். உள்ளே சீழ் பிடித்து, தோட்டா போகாத பாதையெல்லாம் புதுசாக உருவாகியிருந்தது. கொன்றது தோட்டா அல்ல, தேடிய கைகள்தான் என்றே இன்று இதை எழுதுபவர்களில் பெரும்பாலோர் சொல்கிறார்கள். கிட்டோவே கோர்ட்டில் ஏறக்குறைய இதைத்தான் சொன்னான். அதற்காக அவனை விட்டுவிடவில்லை, 1882-ல் தூக்கில் போட்டார்கள்.

பெல் அதோடு விடவில்லை. தட்டு மாதிரி இருக்கிற சுருள் 'இங்கே எங்கேயோ' என்று மட்டும் சொன்னால் கத்தி வைப்பவனுக்குப் போதாது என்று அவருக்குப் புரிந்துவிட்டது. அடுத்து அவர் யோசித்தது ஒரு ஊசி. டெலிபோன் ரிசீவரின் ஒரு ஒயரை ஊசியிலும், இன்னொன்றை நோயாளியின் தோலில் வைத்த உலோகத் தகட்டிலும் இணைக்க வேண்டும். ஊசி தோட்டாவைத் தொட்ட கணத்தில் ரிசீவரில் 'க்ளிக்'. பேட்டரிகூட வேண்டாம். உடம்பின் ஈரத்துக்குள் ரெண்டு வேறு வேறு உலோகம் இருந்தாலே அது ஒரு குட்டி செல். நியூயார்க்கில் கிர்ட்னர் என்ற டாக்டர் 1887 வாக்கில் இதைத் 'தொலைபேசி ஊசி'யாகப் பரப்பினார். ஹைடல்பெர்க் பல்கலைக்கழகம் பெல்லுக்கு 1886-ல் கௌரவ மருத்துவப் பட்டமே கொடுத்தது. 1895-ல் எக்ஸ்ரே வந்து இதையெல்லாம் ஓரங்கட்டியது தனிக்கதை. ஆக, டிடெக்டரும் பின்பாயிண்டரும் ஒரே கட்டிலின் பக்கத்தில் பிறந்த அண்ணன் தம்பி.

அதற்கப்புறம் கருவி உடம்பை விட்டு மண்ணுக்கு வந்தது. அமெரிக்காவில் ஃபிஷர் 1930களில் கையில் தூக்கிப் போகும் டிடெக்டரை விற்க ஆரம்பித்தார். 1941-ல் ஸ்காட்லாந்தில் இருந்த போலந்து ராணுவ அதிகாரி கொசாட்ஸ்கி கண்ணிவெடி டிடெக்டர் செய்தார். மறு வருஷம் எல் அலமைன் பாலைவனப் போரில் அது முன்னால் போனது. அங்கேயும் இதே இடைவெளிதான். டிடெக்டர் 'எங்கேயோ' என்று சொல்லும். அதற்கப்புறம் ஒரு சிப்பாய் குப்புறப் படுத்து, துப்பாக்கிக் கத்தியைச் சாய்வாக விட்டு மணலை மெல்ல மெல்லக் குத்திப் பார்க்க வேண்டும். நேராக, வேகமாகக் குத்தினால் ஆள் காலி. நான் மண்வெட்டியால் குத்தின குத்தை நினைச்சுப் பார்த்தேன். நான் அங்க ஒரு நாள்கூட தாங்கியிருக்க மாட்டேன்.

கடைசியா ஒண்ணு. எங்க சஃபோக் கதை. 1992 நவம்பர் 16. ஹாக்ஸ்ன் கிராமத்தில் ஒரு விவசாயி வயலில் தொலைத்த சுத்தியலைத் தேட, எரிக் லாஸ் என்பவர் டிடெக்டரோடு போனார். தங்கம், வெள்ளிக் காசு, கரண்டி என்று வர ஆரம்பித்தது. கொஞ்சம் எடுத்தவர், எடுப்பதை நிறுத்திவிட்டார். தகவல் சொன்னார். தொல்லியல்காரர்கள் மறுநாள் வந்து ஒழுங்காகத் தோண்டினார்கள். கிட்டத்தட்ட 15,000 ரோமானியக் காசுகள், 200 தங்கம் வெள்ளிப் பொருட்கள். அதைவிடப் பெரிய விஷயம், மக்கிப்போன மரப்பெட்டிக்குள் எது எந்த வரிசையில் அடுக்கியிருந்தது என்பதுகூடத் தெரிந்தது. 17.5 லட்சம் பவுண்டு பரிசு. சுத்தியலும் கிடைத்தது, அதுவும் இப்போது பிரிட்டிஷ் மியூசியத்தில்.

பிளிஸ் நிறுத்தவில்லை. லாஸ் நிறுத்தினார். பின்பாயிண்டர் என்பது கண்டுபிடிக்கிற கருவின்னு நினைச்சுட்டிருந்தேன். இல்லை மக்களே. அது எங்கே தோண்டக் கூடாதுன்னு சொல்ற கருவி.

அப்படி யோசிச்சப்புறம் எதை வாங்குறதுங்கிறது சுலபமாயிடுச்சு. 'எவ்வளவு தூரத்துல இருந்து பீப் அடிக்கும்'னு பார்க்கிறதை விட்டேன். பக்கத்துல போன பிறகு பட்டனை அமுக்கினா வீச்சைக் குறைச்சு நுனியளவுக்குக் கொண்டு வருதான்னு பார்த்தேன். அதிர்வு மட்டும் வைக்கிற வசதி, ஈரத்தைத் தாங்குற உடம்பு, புல்லுல தொலையாத நிறம், டிடெக்டரோட அலைவரிசைல சண்டை போடாம இருக்கிறது. அவ்வளவுதான். கடைசில எல்லாரும் 'கேரட்'னு கூப்பிடுற ஆரஞ்சு நிற காரெட் ப்ரோ-பாயிண்டர் வாங்கினேன். சாதா 9 வோல்ட் பேட்டரி, தண்ணில 6 மீட்டர் வரைக்கும் தாங்கும்.

முதல் நாள் குழிக்குள்ள விட்டா விடாம பீப். எந்தப் பக்கம் திருப்பினாலும் பீப். பெரியவர் என் கையைப் பார்த்துச் சிரிச்சார். எங்கம்மா போட்டுவிட்ட மோதிரம்! மண்ணை விலக்கின விரலையே கண்டுபிடிச்சிருக்கு. பெல்லுக்கு மெத்தைக் கம்பி, எனக்கு மோதிரம். இப்ப ஞாயித்துக்கிழமைகள்ல அது பெட்டில.

அந்த ஆறு பென்ஸ் காசு நிலத்துக்காரர்கிட்டயே இருக்கு. இங்க 1997-ல ஆரம்பிச்ச ஒரு பதிவுத் திட்டம் உண்டு, இந்த மாதிரி கிடைக்கிறதை அதுல பதிவு பண்ணிடலாம். பண்ணோம். எடை, விட்டம், ராணி முகம், ரோஜா எல்லாம் எழுதின அம்மா, கடைசியா "சமீபத்திய வெட்டுக் காயம்"னு ஒரு வரி சேர்த்தாங்க. என் பேர் அதுல இல்ல. ஆனா அந்த வரி என்னைப் பத்தினதுதான்.

பி.கு: "நம்ம ஊருல வாங்கி ஆத்தங்கரைல தேடலாமா தல?"ன்னு பின்னூட்டத்துல கேக்கப் போறவங்களுக்கு. 1878-ம் வருஷத்துப் புதையல் சட்டம் நம்மகிட்ட இருக்கு. மண்ணுல கிடைச்ச புதையல் மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினா கலெக்டருக்கு எழுத்துல தெரிவிக்கணும். தொல்லியல் இடங்கள் பக்கம் போகவே போகாதீங்க. ஆணி பிடுங்கணும்னா ஆபீஸ்லயே நிறைய இருக்கு :)