எட்கர் ஆலன் போவின் கோதிக் சிறுகதைகளில் தனிமை

எட்கர் ஆலன் போ (1809–1849) கோதிக் கதை மரபைச் சிறுகதை வடிவத்தில் நிலைநிறுத்திய அமெரிக்க எழுத்தாளர். 1764இல் ஹொரேஸ் வால்போல் எழுதிய ‘ஒட்ராண்டோ கோட்டை’ நாவலோடு இங்கிலாந்தில் தோன்றிய இம்மரபுக்குப் பாழடைந்த கோட்டைகளும் நிலவறைகளும் ஆவிகளும் அடையாளம். போ அந்தப் பின்னணியை வைத்துக்கொண்டு, அச்சம் பிறக்கும் இடத்தைத் தனித்துவிடப்பட்ட மனிதனின் மனத்துக்குள் மாற்றினார்.

வாழ்க்கை

நாடக நடிகர்களின் மகனாக, பாஸ்டன் நகரில் 1809 ஜனவரி 19 அன்று போ பிறந்தார். தந்தை குடும்பத்தை விட்டுப் பிரிந்தார். தாய் எலிசபெத் 1811 டிசம்பரில் ரிச்மண்டில் இறந்ததும் மூன்று குழந்தைகளும் வெவ்வேறு வீடுகளுக்குச் சென்றனர். எட்கரை வளர்த்த வணிகர் ஜான் ஆலனின் பெயர் அவருடைய பெயரோடு சேர்ந்ததே தவிர, அவர் முறைப்படி தத்தெடுக்கப்படவில்லை. 1826இல் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் படித்தபோது சேர்ந்த சூதாட்டக் கடன் இருவரின் உறவையும் முறித்தது. 1834இல் இறந்த ஆலன் தம் உயிலில் போவுக்கு எதையும் வைக்கவில்லை.

1836இல் போ தம் அத்தை மகள் வர்ஜீனியா கிளெம்மை மணந்தார். அப்போது வர்ஜீனியாவுக்கு வயது 13. 1842 ஜனவரியில் பாடிக்கொண்டிருந்தபோது வர்ஜீனியாவின் வாயிலிருந்து இரத்தம் வந்தது. காசநோயோடு 5 ஆண்டுகள் போராடி, 1847 ஜனவரி 30 அன்று நியூயார்க்கை அடுத்த ஃபோர்டமில் அவர் இறந்தார்.

கதைகளில் தனிமையின் வடிவங்கள்

‘அஷர் மாளிகையின் வீழ்ச்சி’ (1839) கதையில் ராடரிக் அஷர் பல ஆண்டுகளாகத் தன் மாளிகையை விட்டு வெளியே வருவதில்லை. ஒளியும் ஓசையும் அவனை வதைக்கின்றன. நோயுற்ற இரட்டைச் சகோதரி மேடலின் இறந்துவிட்டதாகக் கருதி அவளை நிலவறையில் வைக்கிறான். அவள் உயிரோடு எழுந்து வந்து அவன்மீது விழ, இருவரும் மடிகின்றனர். மாளிகையும் இடிந்து ஏரிக்குள் மூழ்குகிறது.

‘கூட்டத்தின் மனிதன்’ (1840) இதற்கு நேர்மாறான தனிமையைக் காட்டுகிறது. லண்டன் தெருக்களில் ஒரு முதியவர் இரவெல்லாம் கூட்டத்தைத் தேடி அலைகிறார். அத்தனை பேருக்கு நடுவிலும் அவர் யாரோடும் பேசுவதில்லை.

‘சிவப்பு மரணத்தின் முகமூடி நடனம்’ (1842) வர்ஜீனியா நோயுற்ற சில மாதங்களில் வெளிவந்தது. கொள்ளைநோய்க்கு அஞ்சிய இளவரசன் பிராஸ்பெரோ ஆயிரம் பேரோடு ஒரு மடத்துக்குள் புகுந்து, கதவின் தாழ்ப்பாள்களை உலையில் பற்றவைத்து அடைக்கிறான். ஏழு அறைகளில் நடக்கும் நடனத்தின்போது நோய் முகமூடி அணிந்து உள்ளே வந்துவிடுகிறது. வெளியேற வழியின்றி அனைவரும் மாள்கின்றனர்.

‘அமான்டிலாடோ மதுப்பீப்பாய்’ (1846) தனிமையைத் தண்டனையாக்குகிறது. மாண்ட்ரெசர் தன் பகைவனை நிலவறையில் சங்கிலியால் பிணைத்து, கல் வரிசைகளை ஒவ்வொன்றாக அடுக்கி உயிரோடு அடைக்கிறான். ஐம்பது ஆண்டுகளுக்குப் பின்னும் அவனால் அந்தக் கொலையிலிருந்து விடுபட முடியவில்லை. கதையே அதை அவன் சொல்வதாக அமைந்தது.

உத்தி

ஒரே அமர்வில் படித்து முடிக்கும் கதையே ஒருமித்த உணர்வைத் தரும் என்று 1842இல் அமெரிக்க எழுத்தாளர் ஹாதார்னின் கதைகளுக்கு எழுதிய மதிப்புரையில் போ வாதிட்டார். நிகழ்ச்சியைக் குறுகிய இடத்துக்குள் அடக்குவது அதன் வலிமையைக் கூட்டும் என்று ‘படைப்பின் தத்துவம்’ (1846) கட்டுரையில் விளக்கினார். பூட்டிய அறை, தன்னிலையில் பேசும் ஒற்றைக் குரல், அதை மறுக்க ஆளில்லாத நிலை ஆகியவை இக்கொள்கையின் விளைவுகள். ‘காட்டிக்கொடுக்கும் இதயம்’ (1843) கதையில் கொலைகாரன் மட்டுமே பேசுவதால், அவன் கேட்கும் இதயத்துடிப்பு மெய்யா மயக்கமா என்பதை வாசகரால் உறுதிசெய்ய முடிவதில்லை.

மறைவும் மதிப்பீடும்

போ பால்டிமோரில் 1849 அக்டோபர் 7 அன்று இறந்தார். இரண்டு நாள் கழித்துப் புனைபெயரில் இரங்கல் குறிப்பு எழுதிய தொகுப்பாசிரியர் ரூஃபஸ் கிரிஸ்வோல்ட், அவரை நண்பர்களற்ற மனிதராகச் சித்திரித்தார். பிறகு போவின் கடிதங்களையும் திரித்து வெளியிட்டார். அந்தச் சித்திரம் நெடுங்காலம் நிலைத்ததால் கதைகளே வாழ்க்கை வரலாறாகப் படிக்கப்பட்டன. உண்மையில் போ பல இதழ்களின் ஆசிரியராகவும் ஓயாமல் இயங்கிய விமர்சகராகவும் இருந்தார். ‘அஷர் மாளிகை’ மனைவி நோயுறுவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே வெளிவந்தது. இழப்புகள் அவருக்குக் கருப்பொருளைத் தந்தன. அதைக் கதையாக்கியது திட்டமிட்ட கலைத்திறன். சார்லட் பெர்கின்ஸ் கில்மனின் ‘மஞ்சள் சுவர்த்தாள்’ (1892), வில்லியம் ஃபாக்னரின் ‘எமிலிக்கு ஒரு ரோஜா’ (1930) ஆகிய கதைகள், மூடிய வீட்டில் சிதையும் மனம் என்னும் கருவை போவுக்குப் பின் வளர்த்தெடுத்தவற்றுள் முக்கியமானவை.