லெவி எந்தப் பெட்டிக்குப் போகிறது?

ஒவ்வொரு பிப்ரவரியும் சிங்கப்பூர் பட்ஜெட் வரும்போது நண்பர்கள் ஜிஎஸ்டி பற்றிப் பேசுவார்கள். நான் தேடுவது வருவாய்ப் பட்டியலில் இருக்கும் ‘இதர வரிகள்’ என்ற ஒற்றை வரியை. தண்ணீர்ப் பாதுகாப்பு வரி, கப்பல்களுக்கான டன் வரி இவற்றோடு வெளிநாட்டுத் தொழிலாளர் லெவியும் அதற்குள்தான் அடக்கம். ஞாயிறு மாலை தேக்காவில் நடக்க இடமில்லாமல் நிற்கிறதே ஒரு கூட்டம், அரசுக் கணக்கில் அதன் பெயர் ‘இதர’.

2024 ஜனவரியிலிருந்து கட்டுமானத் துறையில் வேலை செய்யும் தமிழ்நாட்டுக்காரருக்காக முதலாளி அரசுக்குக் கட்டுவது மாதம் 500 வெள்ளி. அடிப்படைத் திறன் மட்டும் உள்ளவர் என்றால் 900. சம்பளத்தில் பிடிக்கக் கூடாது என்று சட்டம் சொல்கிறது. வெளியாள் ரொம்ப மலிவாகக் கிடைத்துவிடக் கூடாது என்பதே லெவியின் நோக்கம். ஆனால் பணம் வந்த பிறகு என்ன ஆகிறது?

அரசியலமைப்பின் 145ஆம் பிரிவைப் படித்தால் விடை கிடைக்கும். சட்டத்தால் தனிக் காரியத்துக்கென்று ஒதுக்கப்படாத வருவாய் எல்லாம் ‘ஒருங்கிணைந்த நிதி’ என்ற ஒரே பெட்டிக்குப் போகும். போனபின் எந்த வெள்ளி யார் தலைக்கு வந்தது என்று பிரிக்க முடியாது. ரோடு, பள்ளிக்கூடம், ராணுவம், எல்லாம் அதிலிருந்துதான். இதில் மர்மம் ஒன்றும் இல்லை. பெரும்பாலான நாடுகளில் இதுதான் வழக்கம். எனக்கு உறுத்துவது ‘ஒதுக்கப்படாத’ என்கிற அந்த ஒரு சொல். ஏனென்றால் இதே ஊரில், இதே மாதிரி ஆள்கணக்கு வரி ஒன்றை ஒரு காலத்தில் சட்டம் போட்டு ஒதுக்கியிருக்கிறார்கள்.

1907இல் நீரிணைக் குடியேற்றங்களிலும் (சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா) மலாய்க் கூட்டு மாநிலங்களிலும் ‘தமிழர் குடிவரவு நிதி’க்கான சட்டம் வந்தது. தமிழ்த் தொழிலாளி எத்தனை நாள் வேலை செய்தார் என்று எண்ணி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை முதலாளியிடம் வசூல். இது அரசின் பொது வருவாயில் சேரவில்லை. குடிவரவுக் குழு ஒன்று தனிக் கணக்காக வைத்திருந்தது. கப்பல் கட்டணம், ரயில் கட்டணம், ஆவடி, நாகப்பட்டினம் முகாம்களில் சாப்பாடு, கங்காணிக்கான கமிஷன் எல்லாம் அதிலிருந்தே. பின்னாளில் ‘இந்தியர் குடிவரவு நிதி’ என்று பெயர் மாறியது.

உடனே அந்தக் காலம் பொற்காலம் என்று நினைத்துவிட வேண்டாம். குழுவில் தொடக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் அதிகாரிகளும் தோட்ட முதலாளிகளும்தான். ஒருவர் செலவழித்துக் கூட்டிவந்த ஆளைப் பக்கத்துத் தோட்டக்காரர் இழுத்துக்கொள்கிறார் என்ற சண்டையை முடிக்க, ‘எல்லாரும் பங்கு போடுங்கள்’ என்று வந்த ஏற்பாடு இது. ஆள் வந்துகொண்டே இருந்தால் கூலி ஏறாது என்பது அவர்களுக்கு நன்றாகவே தெரியும். 1930களின் தொடக்கத்தில் ரப்பர் விலை சரிந்தபோது ஆயிரக்கணக்கானோரை ஊருக்குத் திருப்பி அனுப்பக் கப்பல் கட்டணம் கொடுத்ததும் இதே நிதி. வரவழைக்கவும் துரத்தவும் ஒரே பை.

ஆனாலும் வித்தியாசம் வித்தியாசம்தான். அன்றைய வரி பயணச் செலவை ஏற்றது. இன்றைய லெவி ஏற்பதில்லை; திருச்சியில் விமானம் ஏறுகிற பலர் ஏஜென்ட்டுக்குக் கொடுத்த கடனோடுதான் சாங்கியில் இறங்குகிறார்கள். பல மாதச் சம்பளம் அதற்கே சரியாகப்போகிறது. லெவியில் ஒரு பங்கைச் சட்டப்படி அவர்களுக்கென்று ஒதுக்கினால் என்ன என்று கேட்டால், பொருளாதாரம் படித்தவர்கள் ‘வருவாயைக் கட்டிவைத்தால் நிர்வாகம் நெகிழ்வை இழக்கும்’ என்பார்கள். நியாயமான வாதம்தான். அந்த நெகிழ்வு யாருக்குப் பயன்படுகிறது என்பது மட்டும்தான் என் கேள்வி.

தனிப் பெட்டி என்றால் பத்திரம் என்றும் சொல்ல முடியாது. 1938இல் இந்திய அரசு உதவிபெற்ற குடிபெயர்வை நிறுத்தியது. ஆள் வரத்து நின்றது, நிதியில் பணம் மிஞ்சியது. மலாயாவில் 1958இல் அது ‘தென்னிந்தியத் தொழிலாளர் நிதி’ ஆனது. 1999இல் அதையும் கலைத்தார்கள். மீதியிருந்த சொத்து மலேசிய அரசின் கைக்குப் போனது.