வலை கட்டிய ஊர்

புறா சைஸ்தான் இருக்கும். எடை 150 கிராம் சொச்சம். பெயர் அமூர் வல்லூறு. சைபீரியா, வடசீனப் பக்கம் குஞ்சு பொரித்துவிட்டு, குளிருக்கு முன்னால் ஆப்பிரிக்காவின் தென்பகுதிக்குக் கிளம்பிவிடும். வழியில் இளைப்பாற வேண்டாமா?

அக்டோபரில் லட்சக்கணக்கில் வந்து இறங்கும் இடம், நாகாலாந்தின் டோயாங் நீர்த்தேக்கம். 2000-ல் மலைகளுக்கு நடுவே வந்த மின்சார அணை. பக்கத்து ஊர் பாங்டி. அங்கே பலருடைய வயல்களை அணைத் தண்ணீர் விழுங்கிவிட்டது. மிஞ்சியது மீன்வலை. அதையே மரங்களுக்கு நடுவே கட்டினார்கள். 2012 சீசனில் செத்தவை ஒரு லட்சத்துக்கும் மேல் என்று கணக்கிட்டார்கள்!

படங்கள் வெளியானதும் உலகமே கொதித்தது. வனத்துறை, தன்னார்வலர்கள், சர்ச் எல்லோரும் ஊரோடு உட்கார்ந்து பேசினார்கள். ஊர்க் கவுன்சில் தடை போட்டது. மீறினால் அபராதம். 2013-ல் வலைகள் காணோம்! அந்த நவம்பரில் சாட்டிலைட் கருவி மாட்டிய மூன்று பறவைகளில் ஒன்றின் பெயரே ‘பாங்டி’. அரபிக்கடலைத் தாண்டி அது ஆப்பிரிக்கா போய்ச் சேர்ந்தது.

இப்போது பைனாகுலரோடு ஆட்கள் வருகிறார்கள். பறவைகளைப் பார்த்து வாய் பிளக்கிறார்கள். பார்க்கட்டும். கூடவே ஒரு விஷயம் ஞாபகம் இருக்கட்டும். வேட்டைக் காசை விட்டுக்கொடுத்த இதே ஊர்தான், அணைக்கு வயலையும் கொடுத்தது.