‘லிஸ்ட்’ என்ற சொல்லும் நிகாஹ் வீட்டுச் சாமான் பட்டியலும்

மளிகைக் கடைக்கு ஒரு லிஸ்ட், பள்ளிக்கூடம் திறந்தால் புத்தக லிஸ்ட், தேர்தல் வந்தால் வாக்காளர் லிஸ்ட், நிகாஹ் பேசி முடித்தால் சாமான் லிஸ்ட். ஆங்கிலம் படிக்காத நம் பாட்டிமார்களும் தயங்காமல் சொல்லும் சொல் இது. இதன் பூர்வீகம் கடையிலோ அலுவலகத்திலோ இல்லை, தறியில் இருக்கிறது.

பழைய ஆங்கிலத்தில் ‘லிஸ்ட்’ என்றால் துணியின் ஓரம். நெய்யும்போது நூல் பிரியாமலிருக்க இரு பக்கமும் நெருக்கமாக நெய்யும் கரைதான் அது. ஜெர்மானிய மொழிகளில் பிறந்த அந்தச் சொல் இத்தாலிக்கும் பிரான்சுக்கும் போய், கரையைப் போன்ற நீண்ட காகிதக் கீற்று என்ற பொருளையும் எடுத்துக்கொண்டது. கீற்றில் ஒன்றன் கீழ் ஒன்றாகப் பெயர்களை எழுதினார்கள். பிறகு காகிதத்தின் பெயரே அதில் எழுதியதற்கும் ஆகிவிட்டது. கி.பி. 1600ஐ ஒட்டி பிரெஞ்சு வழியாக இந்தப் புதுப் பொருள் ஆங்கிலத்துக்குத் திரும்பியது. காரைக்குடிப் பக்கத்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற கண்டாங்கிச் சேலையின் அகலமான கரையைப் பார்த்தால் போதும்.

ஆங்கிலத்தில் இதே எழுத்துகளோடு வேறு சில சொற்களும் உண்டு. கப்பல் ஒரு பக்கம் சாய்வதும் ‘லிஸ்ட்’தான். விருப்பம் என்ற பொருளில் வழங்கிய மற்றொரு ‘லிஸ்ட்’ இன்று தனியாக வழக்கில் இல்லை. எதிலும் நாட்டமில்லாமல் சோர்ந்திருப்பவரை ‘லிஸ்ட்லெஸ்’ என்கிறார்களே, அதற்குள் மட்டும் அது ஒளிந்திருக்கிறது. பட்டியல் இல்லாதவர் என்று பிள்ளைகள் பொருள் எழுதிவிடக் கூடாது!

நம் ‘பட்டியல்’ என்ற சொல்லுக்கும் துணிக்கும் உறவு உண்டு. ‘பட்டி’ என்பதற்குத் துணிக்கீற்று என்ற பொருளும் இருக்கிறது, பெயர் வரிசை என்ற பொருளும் இருக்கிறது. ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரு மொழிகளில் ஒரே எண்ணம் தோன்றியிருப்பது வியப்புதான். ‘அட்டவணை’ மராத்தியிலிருந்து வந்தது. அம்மொழியில் ‘ஆட்டவண்’ என்றால் நினைவு. மறக்காமலிருக்க எழுதி வைப்பதுதானே அட்டவணை!

பெரியவர்கள் வாயில் இன்னும் கேட்கும் ‘ஜாப்தா’ அரபியின் ‘ளாபிதா’விலிருந்து, உருது வழியாக வந்தது. ஒழுங்கு, விதி என்பது அதன் மூலப்பொருள். வக்கீல், ஆஜர், அசல், நகல், வசூல், பாக்கி, ரத்து எல்லாம் இப்படி வந்து, கச்சேரிகளில் புழங்கி, தமிழோடு கலந்துவிட்ட அரபுச் சொற்களே. இவற்றோடு வந்ததுதான் ‘வாரிஸ்’ என்ற அரபுச் சொல்லின் தமிழ் வடிவமான ‘வாரிசு’. வரிசைக்கும் வாரிசுக்கும் ஒலியில்தான் ஒற்றுமை, வேரில் இல்லை. ‘வரிசை’, ‘வரி’ என்ற நம் சொல்லோடு சேர்ந்தது.

எழுத்தில் பட்டியல் போடுவது நம் வரலாற்றுக்குப் புதிதல்ல. ஹிஜ்ரி 20 வாக்கில் ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்கள் ‘தீவான்’ என்ற பதிவேட்டை ஏற்படுத்தினார்கள். பொதுநிதியிலிருந்து யார் யாருக்கு எவ்வளவு என்பதை எழுதி வைக்கும் ஏடு அது. யார் பெயரிலிருந்து தொடங்குவது என்ற கேள்வி எழுந்தபோது, கலீஃபாவாகிய தம் பெயரிலிருந்து தொடங்க அவர்கள் சம்மதிக்கவில்லை. நபி (ஸல்) அவர்களின் குடும்பத்தாரிலிருந்து தொடங்கச் சொன்னார்கள். சமஸ்தானத் திவான்களின் பட்டத்திலும், கவிதைத் தொகுப்புகளைக் குறிக்கும் ‘திவான்’ என்ற பெயரிலும் இருப்பது அதே சொல்தான். பிரெஞ்சுக்காரர்கள் சுங்கச் சாவடியைக் குறிக்கும் ‘துவான்’ என்ற சொல்லும் இதே வேரிலிருந்து போனதுதான். ஹிஜ்ரி 377இல் (கி.பி. 987-88) பக்தாதின் புத்தக வியாபாரியான இப்னு அந்நதீம், அரபியில் தம் காலம்வரை வந்த நூல்களுக்கெல்லாம் பட்டியல் எழுதி, அதற்கு ‘அல்ஃபிஹ்ரிஸ்த்’ என்றே பெயர் வைத்தார். அவர் பட்டியலிட்ட நூல்களில் பல இன்று இல்லை. அப்படி ஒரு நூல் இருந்தது என்பதற்கு அந்தப் பட்டியல்தான் சாட்சி.

இனி நம் வீட்டுக்கு வருவோம். கொத்தமங்கலம் முதலான செட்டிநாட்டு ஊர்களில் நகரத்தார் வீட்டுத் திருமணமென்றால் பித்தளை, வெண்கலம், எவர்சில்வர் என்று சாமான்களைப் பரப்பி வைத்து உறவினருக்குக் காட்டும் வழக்கம் உண்டு. ‘சீர்வரிசை’ என்பதில் ‘சீர்’ என்றாலும் ஒழுங்கு, ‘வரிசை’ என்றாலும் ஒழுங்கு. இரண்டும் சேர்ந்து கொடுக்கிற பொருளுக்குப் பெயராகிவிட்டன. வட்டித் தொழிலில் பழகி, சிட்டை, பேரேடு, ஐந்தொகை என்று வகைவகையாகக் கணக்கு எழுதிய அந்தச் சமூகத்தார், எதையும் எழுதி வைப்பதில் மிகுந்த கவனமுடையவர்கள். அந்தக் கவனத்தை நாமும் கற்றுக்கொள்ளலாம். நம் பக்கத்து முஸ்லிம் வீடுகளிலும் மகளுக்கு நகை, கட்டில், பீரோ கொடுக்கத்தான் செய்கிறோம். ஆனால் “நமக்குள்ளே என்ன எழுத்து?” என்று விட்டுவிடுகிறோம். பிரிவு என்று வந்தால், முப்பது பவுன் போட்டோம் என்று ஒரு பக்கமும், பதினைந்துதான் என்று மறுபக்கமும் ஜமாஅத்தில் நிற்கிறார்கள். கையில் காட்ட ஒரு துண்டுச் சீட்டுகூட இருக்காது.

சட்டமே பட்டியல் எழுதச் சொல்கிறது என்பது பலருக்குத் தெரியாது. 1961ஆம் ஆண்டின் வரதட்சணைத் தடுப்புச் சட்டத்தின் கீழ், மணமக்களுக்குத் தரப்படும் அன்பளிப்புகளைப் பட்டியலிடுவதற்கென்றே 1985இல் தனி விதிகள் வந்தன. மணப்பெண்ணுக்கு வந்ததைப் பெண்ணும், மாப்பிள்ளைக்கு வந்ததை மாப்பிள்ளையும் தனித்தனியே பட்டியலாக வைத்திருக்க வேண்டும். நிகாஹ் நேரத்திலோ அதன்பின் கூடிய விரைவிலோ எழுதிவிட வேண்டும். பொருளின் விவரம், ஏறத்தாழ மதிப்பு, கொடுத்தவர் பெயர், அவர் உறவினரானால் என்ன உறவு, இவ்வளவும் இருக்க வேண்டும். இருவரும் கையெழுத்திட வேண்டும். கேட்டு வாங்கியதைப் பட்டியலில் எழுதிவிட்டால் அது அன்பளிப்பாக மாறிவிடாது. கேளாமல் தருவதற்குத்தான் இந்தச் சலுகை.

விவாகரத்தான முஸ்லிம் பெண்களுக்கான 1986ஆம் ஆண்டுச் சட்டத்தின் 3ஆவது பிரிவும், நிகாஹுக்கு முன்போ அப்போதோ பின்போ பெற்றோரும் உறவினரும் கணவர் வீட்டாரும் அவளுக்குக் கொடுத்த பொருள்கள் அனைத்தும் அவளுக்கே சேரும் என்கிறது. தராவிட்டால் அவள் மாஜிஸ்திரேட்டிடம் மனுச் செய்யலாம். அங்கே முதலில் கேட்கப்படுவது, என்னென்ன கொடுத்தார்கள் என்பதற்கு என்ன ஆதாரம் என்பதுதான். நகைக்கடை ரசீது இருந்தால் அதையும் பட்டியலோடு சேர்த்து வையுங்கள். பெயர் எழுதும்போது ஆதாரிலும் பாஸ்போர்ட்டிலும் உள்ள எழுத்தையே எழுதுங்கள். ஒரு தாளில் முகமது, மற்றொன்றில் முஹம்மது, இன்னொன்றில் வெறும் இனிஷியல் என்று இருந்தால், மூவரும் ஒருவரே என்று நிரூபிக்கவே தனியாக அலைய வேண்டியிருக்கும்.

மஹர் இந்தப் பட்டியலில் சேராது. வரதட்சணைச் சட்டமே, முஸ்லிம்களின் மஹர் வரதட்சணை ஆகாது என்று விளக்கத்திலேயே விலக்கு அளித்திருக்கிறது. அதற்கு இடம் ஜமாஅத்தின் நிகாஹ் தஃப்தர். ‘தஃப்தர்’ என்பதும் தோல் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து பாரசீகம், அரபி வழியாக நம் பள்ளிவாசல்வரை வந்த சொல். அதில் மஹர் தொகையை எண்ணாலும் எழுத்தாலும் எழுதி, அப்போதே கொடுக்கப்பட்டதா பாக்கியா என்பதையும் குறிக்கச் சொல்லி, பெண் வீட்டார் ஒரு நகல் வாங்கிக்கொள்ள வேண்டும்.