மட்டக்களப்பு: பெயரும் தேசமும்

மட்டக்களப்பின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் புளியந்தீவுக் கோட்டையிலிருந்தே தொடங்குவர். போர்த்துக்கேயர் அதனை 1628இல் கட்டினர்; ஒல்லாந்தர் 1638இல் கைப்பற்றினர். ஆண்டுகள் தெளிவாகக் கிடைப்பதால் இம்முறை எளிதாயிருக்கின்றது. ஆயின், மட்டக்களப்பு என்னும் பெயர் அக்கோட்டையினும் பழையது. வாவியின் தென்கோடியை அடுத்த சம்மாந்துறைப் பகுதியே முன்னர் அப்பெயரால் வழங்கிற்று என்பர். ஆட்சியாளர் புளியந்தீவில் நிலைகொண்ட பின்னரே பெயரும் வடக்கு நோக்கிப் பெயர்ந்தது. தேசத்தின் பெயரை நகரம் பெற்றதேயன்றி, நகரத்தின் பெயரைத் தேசம் பெற்றதன்று.

அத்தேசத்தின் பரப்பு யாது? மக்கள் வழக்கே இதற்கு விடை கூறும். வாவிக்குக் கிழக்கே கடலோரமாயமைந்த நிலம் எழுவான்கரை. மேற்கேயுள்ள வயல் நிலம் படுவான்கரை. ஞாயிறு எழுங் கரை, படுங் கரை என இவற்றுக்குப் பெயரிட்டவன் வாவியின் நடுவே தோணியில் நின்றவனாதல் வேண்டும். அவனுக்கு நீர் எல்லையன்று. 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்படும்வரை அத்துறையிற் சனங்களையும் வண்டிகளையும் ஏற்றிச் சென்ற மிதவைக்குப் ‘பாதை’ என்றே பெயர். நிலத்திற் கிடப்பதற்குரிய சொல்லை நீரில் மிதப்பதற்கு இட்டு வழங்கிய இவ்வழக்கு, ஏட்டுச் சான்று பலவற்றினும் பெறுமதியுடையது.

கொக்கட்டிச்சோலை, மண்டூர், திருக்கோவில் ஆகிய தலங்கள் ‘தேசத்துக் கோயில்கள்’ எனப்படும். இவை ஓரூரார்க்கு மட்டும் உரியனவல்ல. பல ஊர்க் குடியினரும் முறைவைத்துத் திருவிழாச் செய்வர். 1961இல் அம்பாறை மாவட்டம் பிரிக்கப்பட்டபோது திருக்கோவில் அப்பாற் சென்றது, முறை மாறவில்லை. விபுலானந்த அடிகள் 1892இல் பிறந்த காரைதீவும் இன்று அம்பாறையிலேயே உள்ளது. அவரது சமாதியோ மட்டக்களப்பை அடுத்த கல்லடி உப்போடையில்.

இப்பண்பாட்டைத் தமிழர்க்கே உரியதாக எழுதுவோரும் உளர். அது பொருந்தாது. தாய்வழி வரும் குடிமுறை இங்குள்ள முஸ்லிம்களிடத்தும் உண்டு. கோயிலிற் குடிக்கொரு வண்ணக்கர் இருத்தல்போலப் பள்ளிவாசலிற் குடிக்கொரு மரைக்காயர் இருந்தனர். 1990 ஓகத்து மாதத்திற் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலும் வீரமுனைக் கோயிலிலும் குருதி சிந்தியபோது, ஒரே குடிமுறையில் வாழ்ந்தோரே இருபுறத்தும் மடிந்தனர். அதன்பின் எழுந்த ஊர்வரலாறுகள் பலவற்றில் அயலூரின் பெயரே காணப்படுவதில்லை. எனினும், இன்றும் இரு சாராரிடத்தும் வீடு மகளுக்கே சீதனமாகின்றது. மணமகன் அவ்வீடு தேடியே செல்கின்றான்.