சட்டம் கதவைத் திறந்தது. நியாயம் எங்கே நின்றது?

ஒரு கலைப்படைப்பு யாருக்குச் சொந்தம் என்பது நம் முன்னால் உள்ள கேள்வி. படைத்தவருக்கா? அவருடைய வாரிசுகளுக்கா? விலை கொடுத்து வாங்கியவருக்கா? அல்லது ரசிகர்களுக்கா? பொதுவாகப் பேசிக்கொண்டே போனால் இதற்கு முடிவு கிடைக்காது. ஆகவே வரலாற்றில் உண்மையாக நடந்த ஒரு வழக்கை எடுத்துக்கொள்கிறேன். ஜெர்மானிய இசைமேதை ரிச்சர்ட் வாக்னரின் கடைசி ஓபராவான 'பார்சிஃபால்', 1903-ஆம் ஆண்டு டிசம்பர் 24-ஆம் நாள் நியூயார்க் நகரில் முதன்முதலாக அமெரிக்க மேடை ஏறிய வரலாறுதான் அது.

ஓபரா என்பது வசனத்துக்குப் பதிலாகப் பாட்டே கதையை நடத்திச் செல்லும் இசை நாடகம். பார்சிஃபால் நான்கு மணி நேரத்துக்கும் மேல் நீளும். இயேசுநாதர் இறுதி இராவுணவில் பயன்படுத்தியதாகக் கருதப்படும் புனிதக் கிண்ணத்தைக் காத்துவரும் வீரர்களின் கதை அது. அவர்களுடைய மன்னன் அம்ஃபோர்டாஸ் ஆறாத புண்ணோடு துடிக்கிறான். உலகம் அறியாத ஓர் இளைஞன், பிறர் துன்பத்துக்காக இரங்கக் கற்றுக்கொள்ளும்போதுதான் அந்தப் புண் ஆறும். அந்த இளைஞன்தான் பார்சிஃபால்.

வாக்னர் இதை ஓபரா என்றுகூட அழைக்கவில்லை. மேடையைப் புனிதப்படுத்தும் விழா நாடகம் என்று பெயரிட்டார். ஜெர்மனியின் பைராய்ட் என்ற சிற்றூரில், தம் படைப்புகளுக்காகவே அவர் ஓர் அரங்கத்தைக் கட்டி 1876-இல் திறந்திருந்தார். அங்கேதான் பார்சிஃபால் 1882 ஜூலை 26-ஆம் நாள் அரங்கேறியது. அந்தக் கோடையில் 16 முறை நடந்தது. இந்தப் படைப்பு பைராய்டைத் தவிர வேறெங்கும் மேடையேறக் கூடாது என்பது வாக்னரின் விருப்பம். மற்ற அரங்குகளில் கேளிக்கையோடு கேளிக்கையாக இது கலந்துவிடக் கூடாது என்று அவர் கருதினார். 1883 பிப்ரவரியில் வெனிஸ் நகரில் அவர் காலமானார்.

அதன்பிறகு பைராய்ட் விழாவின் பொறுப்பு மெல்ல அவருடைய மனைவி கோசிமாவின் கைக்கு வந்தது. கணவரின் விருப்பத்தைக் கட்டளையாகவே எடுத்துக்கொண்டு காத்தார் அவர். அதில் பக்தி இருந்தது என்பதை யாரும் மறுக்க முடியாது. அதே நேரத்தில் இன்னொன்றையும் நாம் கவனிக்க வேண்டும். பார்சிஃபாலை மேடையில் பார்க்க வேண்டுமானால் பைராய்டுக்குத்தான் போக வேண்டும் என்ற நிலை, கடனில் தவித்த அந்த விழாவுக்குப் பெரிய பலமாகவும் இருந்தது. பக்தியும் வருமானமும் ஒரே கதவைப் பூட்டி வைத்திருந்தன.

ஆனால் அந்தப் பூட்டில் ஓர் ஓட்டை இருந்தது. 1881-இல் வாக்னர் தாமே பார்சிஃபாலின் இசைப்பிரதியை அச்சிடும் உரிமையை ஷாட் என்ற பதிப்பகத்துக்கு 1 லட்சம் மார்க்குக்கு விற்றிருந்தார். பிரதி அச்சாகி விற்பனைக்கும் வந்துவிட்டது. நூல்களையும் இசையையும் நாடு கடந்து காக்கும் பெர்ன் உடன்படிக்கை 1886-இல் உருவானது. அதில் ஜெர்மனி சேர்ந்தது, அமெரிக்கா சேரவில்லை. வெளிநாட்டவர் படைப்புக்கு அமெரிக்கா பதிப்புரிமை வழங்கத் தொடங்கியதே 1891-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகுதான். அதற்கு முன்பே அச்சாகிவிட்ட பார்சிஃபாலுக்கு அந்த நாட்டில் பாதுகாப்பு இல்லை.

நியூயார்க் ரசிகர்களுக்கு அதன் இசை புதிதல்ல. 1886 மார்ச் மாதத்திலேயே வால்டர் டாம்ராஷ் அதைக் கச்சேரியாக நடத்திவிட்டார். காட்சி அமைப்பு இல்லை, வேடம் இல்லை. பாடகர்கள் நின்று பாடினார்கள், அவ்வளவுதான். மேடையேற்றுவதற்கு மட்டும் யாரும் துணியவில்லை.

துணிந்தவர் ஹைன்ரிக் கோன்ரீட். ஆஸ்திரியப் பேரரசில் பிறந்து, நடிகராக அமெரிக்காவுக்குக் குடியேறி, நியூயார்க்கில் ஜெர்மன் மொழி நாடக அரங்கம் ஒன்றை நடத்தியவர் அவர். 1903-இல் மெட்ரோபோலிட்டன் ஓபரா அரங்கத்தின் நிர்வாகியானார். முதல் பருவத்திலேயே பெயர் பதிக்க வேண்டும் என்ற வேகம் அவருக்கு இருந்தது. என்ரிகோ கரூசோ என்ற இத்தாலியப் பாடகர் அந்த அரங்கில் முதன்முதலாகப் பாடியதும் அதே பருவத்தில்தான். ஆனாலும் கோன்ரீட் பெரிதாக நம்பியிருந்தது பார்சிஃபாலைத்தான்.

செய்தி ஜெர்மனிக்கு எட்டியதும் புயல் கிளம்பியது. இதைப் புனிதக் கிண்ணத்தைத் திருடும் செயல் என்றே வாக்னர் அன்பர்கள் வருணித்தார்கள். வாக்னர் குடும்பம் நியூயார்க்கில் கூட்டாட்சி நீதிமன்றத்தை நாடித் தடையுத்தரவு கேட்டது. 1903 நவம்பரில் நீதிமன்றம் அதை மறுத்துவிட்டது. அமெரிக்காவிலேயே வேறொரு திசையிலிருந்தும் எதிர்ப்பு வந்தது. திருவிருந்துச் சடங்கை ஓபரா மேடையில் காட்டுவது சமய நிந்தனை என்று மதபோதகர்கள் சிலர் குரல் எழுப்பினார்கள். நகர மேயர் வரைக்கும் முறையீடு போனது. எதுவும் பலிக்கவில்லை.

கோன்ரீட் வெறும் அவசரக்காரர் அல்லர் என்பதையும் சொல்லியாக வேண்டும். மியூனிக் நகரத்தின் மேடைப்பொறி வல்லுநர் கார்ல் லாட்டென்ஷ்லேகரை வரவழைத்து, காட்சிகள் நகரும்படி மேடையையே மாற்றியமைத்தார். மேடை இயக்குநர் ஆன்டன் ஃபுக்ஸும் மியூனிக்கிலிருந்து வந்தவர்தான். பார்சிஃபாலாக அலோயிஸ் பர்க்ஸ்டாலர், குண்ட்ரியாக மில்கா டெர்னினா, அம்ஃபோர்டாஸாக ஆன்டன் வான் ரோய் பாடினார்கள். மூவருமே பைராய்ட் மேடையில் பாடியவர்கள். ஆல்ஃபிரட் ஹெர்ட்ஸ் இசைக்குழுவை நடத்தினார். அந்தப் பருவத்தில் மெட்ரோபோலிட்டனில் பணியாற்றிய ஃபெலிக்ஸ் மாட்டல் என்ற புகழ்பெற்ற இசை நடத்துநர், பைராய்டோடு கொண்டிருந்த உறவை மதித்து, பார்சிஃபாலை நடத்த மறுத்துவிட்டார்.

கிறிஸ்துமஸுக்கு முந்திய நாள் மாலை 5 மணிக்கு முதல் அங்கம் தொடங்கியது. அது முடிந்ததும் இரவு உணவுக்காக நீண்ட இடைவேளை. வழக்கமாக 5 டாலருக்கு விற்ற இருக்கைக்கு அன்று 10 டாலர். அப்படியும் அரங்கம் நிரம்பியது. அந்தப் பருவத்திலேயே அது மீண்டும் மீண்டும் நடத்தப்பட்டது. அடுத்த ஆண்டே ஹென்றி சாவேஜ் என்பவரின் குழு ஆங்கிலத்தில் பார்சிஃபாலை எடுத்துக்கொண்டு அமெரிக்க நகரங்களைச் சுற்றி வந்தது.

விலை கொடுத்தவர்கள் யார்? கோன்ரீட் அல்லர், கலைஞர்கள்தாம். நியூயார்க்கில் பாடியவர்களுக்குப் பைராய்டின் கதவைக் கோசிமா சாத்திவிட்டார். பர்க்ஸ்டாலர் பைராய்டிலேயே பயிற்சி பெற்று, கோசிமாவின் கையால் வளர்ந்தவர். டெர்னினா பைராய்டில் மறுபடி பாடவே இல்லை. சட்டத்தில் வென்றவர் ஒருவர், தண்டனை பெற்றவர்கள் வேறு சிலர் என்று ஆகிவிட்டது. இந்த வரலாற்றில் என்னை மிகவும் உறுத்தும் இடம் இதுதான்.

சரி, நியாயம் யார் பக்கம்? கோசிமாவின் பக்கம் என்று சொல்ல நினைப்பவர்கள் மூன்று செய்திகளை எண்ணிப் பார்க்க வேண்டும். முதலாவது, இசைப்பிரதியை விற்றுப் பணம் பெற்றவர் வாக்னர்தான். இரண்டாவது, பைராய்டுக்கு வெளியே பார்சிஃபால் நடக்கவே இல்லை என்பதும் முழு உண்மையல்ல. பவேரிய மன்னர் இரண்டாம் லுட்விக்குக்காக 1884-லும் 1885-லும் மியூனிக்கில் தனிப்பட்ட முறையில் அது நடத்தப்பட்டது. மன்னருக்குத் திறந்த கதவு மக்களுக்கு மட்டும் மூடியிருந்தது. மூன்றாவது செய்திதான் வியப்பானது. கடன் தொல்லையில் சோர்ந்துபோயிருந்த வாக்னர், 1880-இல் டிரெஸ்டன் நகரில் இருந்த நியூவெல் ஜென்கின்ஸ் என்ற அமெரிக்கப் பல் மருத்துவருக்குக் கடிதம் எழுதினார். 10 லட்சம் டாலர் திரட்டித் தந்தால் குடும்பத்தோடு அமெரிக்காவுக்கே குடியேறுவதாகவும், பார்சிஃபால் தொடங்கித் தம் படைப்புகளை அந்நாட்டுக்கே உரியதாக்குவதாகவும் அதில் சொன்னார். அந்தத் திட்டம் நிறைவேறவில்லை. நிறைவேறியிருந்தால் திருட்டு என்று பழிக்கப்பட்ட அதே நாடகம், அதே நாட்டில் உரிமையோடு பிறந்திருக்கும்!

அதனால் கோன்ரீட் செய்தது முழுக்கச் சரி என்று நான் வாதாட வரவில்லை. சட்டம் தடுக்கவில்லை என்பதாலேயே ஒரு செயல் முறையானதாகிவிடாது. இசையை உருவாக்கியவரின் குடும்பம் கடல் கடந்து வந்து வேண்டாம் என்று முறையிடும்போது, கேளாமல் எடுத்துக்கொள்வது பண்பாகாது. தம் எல்லைக்குள் செல்லாத உரிமையை உரிமையே இல்லை என்று பேசுவது வலியவர்களின் வாதம். அமெரிக்கா பெர்ன் உடன்படிக்கையில் சேர்ந்தது 1989-இல்தான். மலேசியா 1990-லும் சிங்கப்பூர் 1998-லும் சேர்ந்தன. பிறர் படைப்பை மதிப்பது எல்லா நாடுகளும் மெதுவாகக் கற்றுக்கொண்ட பாடம்தான்.

ஆனால் இன்னொரு பாடமும் இருக்கிறது. ஜெர்மனியில் பதிப்புரிமை அப்போது படைப்பாளி இறந்து 30 ஆண்டுகள் வரைதான். 1901-இல் சட்டம் திருத்தப்பட்டபோது அந்தக் காலத்தை நீட்டும்படி கோசிமா வேண்டினார், நடக்கவில்லை. 1905-இல் ஆம்ஸ்டர்டாமிலும் பார்சிஃபால் மேடையேறியது. நெதர்லாந்தும் அப்போது உடன்படிக்கையில் இல்லை. 1913 முடிந்து உரிமைக்காலம் தீர்ந்தபோது, பார்சிலோனாவின் லிசேயு அரங்கம் டிசம்பர் 31 இரவே தொடங்கிவிட்டது. 1914 பிறந்ததும் ஐரோப்பிய நகரங்கள் பலவற்றில் அது ஒலித்தது. அதனால் பைராய்ட் அழிந்துபோனதா? இல்லை. இன்றும் விழா நடக்கிறது, இன்றும் கூட்டம் வருகிறது. வேறொன்றையும் பாருங்கள். 1882-இல் அமைத்த காட்சித் திரைகளைப் பைராய்ட் அரை நூற்றாண்டு பெரும்பாலும் மாற்றவில்லை. புதிய அமைப்பு வந்தது 1934-இல்தான். பூட்டிக் காத்த இடத்தில் கலை பழமையானது. வெளியே போன இடங்களில்தான் அதற்குப் புதிய கண்கள் கிடைத்தன.

ஆகவே என் கருத்து இதுதான். ஒரு படைப்பு முதலில் படைத்தவருக்குச் சொந்தம். குறிப்பிட்ட காலம் அவர் குடும்பத்துக்குச் சொந்தம். அதன்பிறகு உலகத்துக்குச் சொந்தம். அந்தக் காலம் முடியுமுன் எடுப்பது அபகரிப்பு. முடிந்தபிறகும் விடாமல் பிடித்துக்கொள்வது கஞ்சத்தனம். 1903-இல் நியூயார்க் முதல் தவற்றைச் செய்தது. பைராய்ட் இரண்டாவது தவற்றைச் செய்ய முயன்றது. நடுவில் நின்ற கலைஞர்கள்தாம் அடிபட்டார்கள். பிறர் துன்பத்துக்கு இரங்குவதைச் சொல்லும் ஒரு நாடகத்தின் பெயரால் அது நடந்தது என்பதை நாம் மறக்கக் கூடாது.