சாரங்கிலிருந்து மனிதவளத் துறை வரை: கப்பல் வேலைக்கு ஆள் சேர்த்த வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

கப்பல் நிறுவனங்களில் மனிதவள மேலாண்மை என்று இன்று வழங்கும் பணியின் பெரும்பகுதியை, இந்தியத் துறைமுகங்களில் இருபதாம் நூற்றாண்டின் முற்பாதி வரை சாரங்கு என்னும் ஒரு தனிமனிதரே செய்துவந்தார். ஆள் சேர்த்தல், கடன் கொடுத்தல், வேலை வாங்குதல், தண்டித்தல், மறுபடி அழைத்தல் அல்லது அழைக்காமல் விடுதல் ஆகிய எல்லாம் அவர் பொறுப்பு. அந்த அதிகாரத்தின் வேர்களுள் முதன்மையானது மொழி என்பதும், அம்மொழி மறைந்த பின்னும் இடைத்தரகு ஏன் மறையவில்லை என்று நாம் கேட்க வேண்டும் என்பதும் இப்பதிவின் கருத்து.

முதலில் சொற்களைப் பார்ப்போம். இந்திய மாலுமியைக் குறித்த 'லஸ்கர்' என்பது படை எனப் பொருள்படும் பாரசீக 'லஷ்கர்' என்பதன் வழிவந்தது. சாரங்கு என்பதற்கு மூலம், தலைவரைக் குறிக்கும் பாரசீக 'சர்ஹங்'. அவருக்கு அடுத்த நிலையில் இருந்தவரை ஆங்கிலேயர் 'டிண்டல்' என்றனர். அது நம் தண்டல், தண்டையல் என்பவற்றோடு உறவுடைய சொல். சுக்கான் பிடிப்பவர் அவர்கள் வாயில் 'சீகன்னி' ஆனார். இந்துஸ்தானியை அடித்தளமாகக் கொண்டு பாரசீகம், அரபு, போர்த்துகீசியம், ஆங்கிலம் முதலியன கலந்த இக்கப்பல் மொழிக்கு லஸ்காரி என்று பெயர். தாமஸ் ரோபக் 1811இல் கல்கத்தாவில் இதற்கு ஓர் அகராதியே வெளியிட்டார். ஜார்ஜ் ஸ்மால் 1882இல் அதைத் திருத்தி லண்டனில் பதிப்பித்தார்.

இவ்வகராதி கப்பல் அதிகாரிகளின் பயன்பாட்டுக்கானது, கட்டளையிட உதவுவது. பாயை இறக்கவும் கயிற்றை இழுக்கவும் சொல்ல இதில் வழி உண்டு. ஆனால் ஒரு லஸ்கரிடம் அவர் கைக்கு எவ்வளவு கூலி வந்து சேர்ந்தது என்று கேட்டறிய அந்த மொழியறிவு போதாது. கட்டளைக்கும் உரையாடலுக்கும் இடையே இருந்த இந்த வெற்றிடத்தில்தான் சாரங்கு நின்றார். மொழிபெயர்க்கும் வேலை, ஆளைத் தேர்ந்தெடுக்கும் உரிமையாக மாறியது.

கல்கத்தாவில் இந்த ஏற்பாடு இறுக்கமாக இருந்தது. சில்ஹெட், நவகாளி, சிட்டகாங் பகுதிகளிலிருந்து வந்தவர்கள் வேலை கிடைக்கும்வரை விடுதிக்காரரிடம் கடனுக்குத் தங்கினர். கப்பலில் இடம் கிடைத்ததும் கொடுக்கப்பட்ட முன்பணம் பெரும்பாலும் அந்தக் கடனுக்கும் சாரங்கின் பங்குக்குமே சரியாகப் போனது. பயணம் தொடங்கும்போதே மாலுமி கடனாளி. மீண்டும் அழைக்கப்படுவோமா என்ற அச்சத்தில், கூலி குறைந்தாலும் அவர் வாய் திறப்பதில்லை.

பம்பாயில் வேறொரு முறையும் உருவானது. பயணிகள் கப்பல்களின் சமையற்கூடத்திலும் உணவறையிலும் பணிபுரிந்த கோவா மக்கள், ஊர்வாரியாகக் 'கூட்' என்னும் சங்க விடுதிகளை அமைத்தனர். ஊரார் சிறு கட்டணத்தில் அங்கே தங்கிக் காத்திருக்கலாம். தரகரின் கடன் வலைக்கு மாற்றாகத் தொழிலாளரே கட்டிக்கொண்ட காத்திருப்பு நிதி என்று இதைக் கருதலாம். வேலைவாய்ப்பு முறை குறித்த ஆய்வுகள் இதற்கு இன்னும் கூடுதல் கவனம் தர வேண்டும்.

அரசு தலையிட்டது மெதுவாகத்தான். லஸ்கர்களைப் பிரிட்டிஷ் மாலுமிகளாகக் கணக்கிடலாகாது என்று 1823ஆம் ஆண்டுச் சட்டம் வரையறுத்தது. தனி ஒப்பந்தத்தின் கீழ் அவர்கள் பெற்ற ஊதியம் ஐரோப்பிய மாலுமியின் ஊதியத்தில் ஒரு சிறு பங்கே. மாலுமிகளுக்கு வேலை தேடித் தருவதை இலாபத் தொழிலாக நடத்தக் கூடாது என்று 1920இல் ஜெனோவாவில் கூடிய சர்வதேசத் தொழிலாளர் மாநாடு உடன்படிக்கை செய்தது. ஆயினும் இந்தியாவில் தரகு தொடர்ந்தது. இரண்டாம் உலகப்போர் தொடங்கிய 1939இல் பல நாட்டுத் துறைமுகங்களில் இந்திய மாலுமிகள் வேலைநிறுத்தம் செய்து ஊதிய உயர்வு பெற்றது முக்கியமான திருப்பம். சாரங்கு இன்றியே முதலாளியோடு பேச முடியும் என்பது அப்போது வெளிப்பட்டது. விடுதலைக்குப் பின், மாலுமிகள் வேலைவாய்ப்பு அலுவலகங்கள் வழியாகப் பதிவேட்டு வரிசைப்படி வேலை தரும் முறை வந்தது. 1958ஆம் ஆண்டு வணிகக் கப்பல் சட்டத்தில் அவ்வலுவலகங்கள் இடம்பெற்றன.

இந்த வரிசைமுறையும் நிலைக்கவில்லை. 2005ஆம் ஆண்டு விதிகள் உரிமம் பெற்ற தனியார் முகமைகளுக்கு ஆள் சேர்க்கும் பணியை ஒழுங்குபடுத்திக் கொடுத்தன. கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை 2006இல் உருவாகி 2013இல் நடைமுறைக்கு வந்தது. இந்தியா 2015இல் அதை ஏற்றது. மருத்துவச் சான்று, மாலுமி அடையாள ஏடு, கடவுச்சீட்டு போன்றவற்றின் செலவு தவிர வேலைக்காக மாலுமியிடம் எந்தக் கட்டணமும் பெறக் கூடாது என்கிறது அது. வேலை கிடைக்காமல் தடுக்கும் கறுப்புப் பட்டியல்களையும் தடை செய்கிறது. பழைய சாரங்கின் இரு ஆயுதங்களும் இவையே என்பதைக் கவனிக்க வேண்டும்.

இதற்கிடையே லஸ்காரியின் இடத்தை ஆங்கிலம் பிடித்துவிட்டது. சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2001இல் கடல்சார் தொடர்புக்கான நிலையான ஆங்கிலத் தொடர்களை ஏற்றது. மொழித் தடை குறைந்தால் தரகும் குறைய வேண்டும். ஆனால் உரிமையாளர் ஒரு நாட்டில், கொடி இன்னொரு நாட்டில், மேலாண்மை நிறுவனம் மூன்றாவதில், ஆள்சேர்க்கும் முகமை நான்காவதில் என்று பொறுப்பு சிதறியிருக்கிறது. 2020இல் பெருந்தொற்றின்போது ஏறத்தாழ 4 இலட்சம் மாலுமிகள் ஒப்பந்தக் காலம் முடிந்தும் கப்பலை விட்டு இறங்க முடியாமல் தவித்தனர். எல்லைகள் மூடப்பட்டதே முதற்காரணம். அவர்களை வீடு சேர்க்க வேண்டியவர் யார் என்பதில் இருந்த சிதறல் அத்துயரை நீட்டித்தது. போலி முகவர்களிடம் இலட்சக்கணக்கில் பணம் கட்டி ஏமாறும் இளைஞர்களின் கதையும் முடியவில்லை. அன்று மொழியின் இடைவெளியில் நின்ற தரகர், இன்று இந்தத் தொலைவின் இடைவெளியில் நிற்கிறார்.

மொழி பற்றிய கேள்வியும் முற்றுப்பெறவில்லை. வேலை ஒப்பந்தம் ஆங்கிலத்தில் இல்லாவிட்டால், அதன் மாதிரிப் படிவம் ஆங்கிலத்திலும் கப்பலில் இருக்க வேண்டும் என்று அதே உடன்படிக்கை கோருகிறது. அது துறைமுக ஆய்வாளரின் தேவை. கையெழுத்திடும் முன் ஒப்பந்தத்தைப் படித்து ஆலோசனை பெறும் வாய்ப்பு மாலுமிக்கு உண்டு என்றும் அது சொல்கிறது. சிற்றூரிலிருந்து முதன்முறை கப்பலேறும் ஓர் இளைஞர் அந்த ஆலோசனையை எந்த மொழியில், யாரிடம் பெறுகிறார்? முகமையின் ஊழியரே விளக்குகிறார் என்றால், சாரங்கின் பழைய இடம் இன்னும் காலியாகவில்லை. கடல்சார் மனிதவளம் பற்றி ஆராய முனையும் மாணவர்கள் ஊதியப் பட்டியல்களோடு இந்தக் கேள்வியையும் களத்துக்கு எடுத்துச் செல்ல வேண்டும்.